பயிர்க்காவல் துப்பாக்கியைப் பத்திரமாக வைத்தல்

மலையடிவாரக் கிராமங்களில் காட்டுப்பன்றிகளால் நிலக்கடலைக்கும் மரவள்ளிக்கும் உண்டாகும் நஷ்டம் யாவரும் அறிந்ததே. அவற்றை வெருட்டும் பொருட்டுக் குடியானவர்களிற் சிலர் லைசென்ஸ் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கின்றனர். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்பிற்கென வைத்துக்கொள்ள இடமளித்துள்ளது. ஆயினும், வயலில் சிறிது நேரமே உபயோகப்படும் இக்கருவி எஞ்சிய காலமெல்லாம் வீட்டில் இருக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கதவின் பின்னால் ஆணியில் மாட்டுவதும், பரணில் வைக்கோலுக்கிடையே செருகுவதும், மருந்துப் பையையும் அதனோடு சேர்த்தே தொங்கவிடுவதும் வழக்கமாயிருக்கின்றன. இவ்வழக்கத்தினால் மூன்று கேடுகள் விளையும். விளையாட்டாகக் குழந்தை அதனைத் தொடும். திருடன் கைப்பட்டால் அது காட்டு விலங்குகளைத் திருட்டுத்தனமாக வேட்டையாடுவோருக்கும் கொலைஞருக்கும் போய்ச் சேரும். வீடு தீப்பற்றினால், கெட்டித்த துப்பாக்கி சூட்டினால் தானே வெடித்து, தீயணைக்க ஓடி வந்தவரையே சுடும். கேப்பை மட்டும் எடுத்துவிட்டால் போதுமென்பது தவறு. கேப்பு இல்லாவிடினும் கடுஞ்சூட்டில் உள்ளிருக்கும் மருந்து பற்றும். ஆகையால் வீடு திரும்புமுன், ஆபத்தில்லாத திசையில் மருந்தைத் தீர்த்துவிட்டு வருவதே முதற் கடமையாகும்.

வசதியுள்ளோர் கடையில் ஓர் இரும்புப் பீரோ வாங்கி வைத்துவிட்டு நிம்மதி அடைகின்றனர். இந்நிம்மதிக்கு ஆதாரமில்லை. மெல்லிய தகட்டுப் பீரோவைச் சுவரோடு பிணைக்காவிடில் இரண்டு ஆட்கள் தூக்கிச் செல்லலாம். இரும்பு எரியாது என்பது மெய். எனினும் சூட்டை விரைவில் உள்ளே கடத்துமாதலால், கட்டையும் லைசென்ஸ் புத்தகமும் கருகிப்போகும். குறைந்த செலவில் காவலும் தீத்தடுப்பும் வேண்டுவோர் தகட்டைவிடச் செங்கல்லை நம்புவதே நலம்.

தளமிட்ட அறையொன்றின் மூலையைத் தெரிந்துகொண்டால், இருபுறமும் சுவர் ஏற்கெனவே உள்ளது. மூன்றாவது பக்கத்தில் நாலரை அங்குலச் செங்கற்சுவர் எழுப்பி, இருபுறமும் சிமெண்டு பூசி, மேலே மூன்று அங்குலக் கான்கிரீட் பலகை இட்டால் அலமாரி அமைந்துவிடும். உயரம் துப்பாக்கியின் நீளத்தைவிட அரையடி அதிகமாயிருத்தல் போதும். கதவை உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே கனத்த தகட்டில் செய்துகொள்ளலாம். சட்டத்தின் கால்கள் சுவருக்குள் புதைந்திருக்க வேண்டும்; கீல்கள் வெளியே தெரியலாகாது. கதவின் உட்புறத்தில் அரை அங்குல ஜிப்சம் பலகை இரண்டடுக்குப் பொருத்துதல் அவசியம். நிலக்கடலைக்கு இடும் அதே ஜிப்சந்தான் இது. அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீராகும். அந்நீர் ஆவியாகித் தீரும் வரையில் சூடு எளிதில் உட்புகாது. இவ்வலமாரி சமையலறைக்கும், மண்ணெண்ணெய், உரமூட்டை, வைக்கோல் முதலியவற்றுக்கும் தூரத்தில் இருத்தல் வேண்டும்.

கருமருந்தை இதற்குள் வைக்கலாகாது. அதனை இறுக மூடிய இரும்புப் பெட்டியில் அடைப்பதும் பெருந்தவறு. தீப்பட்டால் பெட்டியே வெடிகுண்டாகிவிடும். லைசென்ஸில் கண்ட அளவுக்கு மேற்படாமல், ஈரமும் நெருப்பும் அணுகாத வேறிடத்தில், பூட்டிய மரப்பெட்டியில் வைத்தலே முறை. கேப்புகளை அதனோடும் சேர்க்கக் கூடாது.

மூடிய அலமாரியில் துரு ஏறும். தோலுறையைக் கழற்றிவிட்டு, மெல்லிய இயந்திர எண்ணெய் தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலம் இடுதல் நன்று. தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும்.

கொத்து வேலைக்கும் பணமில்லாதோர், விசையைச் சூழ்ந்த வளையத்தினூடே சங்கிலி கோத்துச் சுவரில் புதைத்த இரும்பு வளையத்தோடு பூட்டலாம். இது தீயைத் தடுக்காது; திருட்டையும் குழந்தையின் கையையும் ஓரளவு தடுக்கும்.

பன்றி வரும் நேரத்தில் பூட்டைத் திறந்துகொண்டிருக்க முடியுமா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். சாவி லைசென்ஸ்தாரரின் இடுப்பில் இருந்தால் ஒரு நிமிஷத்துக்கு மேற்படாது. அந்த ஒரு நிமிஷத்தில் நாலு செடி போகலாம். பூட்டாத துப்பாக்கியால் போகும் உயிர் திரும்பாது. திருட்டுப் போனால் உடனே போலீஸ் நிலையத்தில் அறிவிப்பதும் லைசென்ஸ்தாரரின் கடமையே.

கிராம நிர்வாக அலுவலர்களும் இதில் கருத்துச் செலுத்துதல் தகும். 2019-ஆம் ஆண்டின் திருத்தத்தால் லைசென்ஸ் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதுமென்றாகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அடங்கலுக்காகப் பயிர் பார்க்கச் செல்லுங்கால், துப்பாக்கி வைத்திருப்போரை அதன் இருப்பிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்தால், அதட்டலின்றியே பெரும் நன்மை உண்டாகும். பயிருக்குக் காவலாக வாங்கிய கருவி வீட்டுக்குப் பகையாகாதிருக்கச் சிறிது செங்கல்லும் நல்லதொரு பூட்டுமே வேண்டுவன.