நெற்பட்டறைகளும் நமது மரபுதான்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கும் நம்மவர்களுள் எத்தனை பேருக்கு, அந்நிலையத்தின் வடபுறத்தே ஏறத்தாழ 600 ஆண்டுகள் பழைமையான தானியக் களஞ்சியம் ஒன்று நிற்பது தெரியும்? ஹார்மண்ட்ஸ்வர்த் என்னும் சிற்றூரில் அது இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, மருமகனை வற்புறுத்தி என்னை அங்கே அழைத்துச் செல்ல வைத்தேன். பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவனுக்கு, கடைத்தெருவைப் பார்ப்பதைவிட இத்தகைய இடங்களைப் பார்ப்பதிலேயே நாட்டம் அதிகம்.

1426ஆம் ஆண்டளவில் எழுப்பப்பட்ட கட்டடம் அது. நீளம் 58 மீற்றர்; அகலம் 12 மீற்றர். கற்பாளங்களின் மீது ஓக் மரத்தூண்கள் இரு வரிசையாக நிற்கின்றன. கூரையின் பாரம் முழுவதையும் மரச்சட்டகமே தாங்குகிறது. சுற்றியுள்ள பலகைகள் காற்றையும் மழையையும் தடுப்பதற்கு மட்டுமே. பொருத்துகளை இறுக்குவன மர ஆணிகள். மரங்களுள் பெரும்பாலானவை முதன்முதலாக நிறுத்தப்பட்டவையே. அங்கே எந்த அரசனும் முடிசூடவில்லை. எந்த ஞானியும் அடங்கவில்லை. கோதுமையும் வாற்கோதுமையுமே அங்கு குடியிருந்தன. ஆயினும் 2011இன் இறுதியில் அதனை ஆங்கில மரபுரிமை அமைப்பு 20,000 பவுணுக்கு வாங்கிப் பழுதுபார்த்தது. விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதைத் திட்டம் அவ்வூரை நெடுங்காலமாக அச்சுறுத்தி வந்தபோதும், ஊரவர்கள் அக்களஞ்சியத்தைத் தங்கள் பெருமையாகவே போற்றி வருகிறார்கள்.

அந்தத் தூண்களைத் தொட்டபோது பொத்துவிலில் எங்கள் வளவில் நின்ற நெற்பட்டறை நினைவுக்கு வந்தது. இன்றைய பிள்ளைகளுக்குப் பட்டறை என்றால் இரும்படிக்கும் இடம். எங்களுக்கோ அது நெல் வைக்கும் மரவீடு. அளவில் அந்தக் களஞ்சியத்தின் ஒரு மூலைக்கும் அது ஈடாகாது. ஆனால் இரண்டையும் நிறுத்திய அறிவு ஒன்றே. முதிரைக் கால்கள் மண்ணைத் தொடாமல் கற்களின் மீது நின்றன. எலிக்கும் ஈரத்துக்கும் மாரி வெள்ளத்துக்கும் எட்டாதபடி தளம் இடுப்பளவு உயர்ந்திருந்தது. மரம் மண்ணைத் தொடும் இடத்திலேதான் உளுத்துப்போகும் என்பது எங்கள் ஓடாவிக்கும் தெரியும், இங்கிலாந்துத் தச்சனுக்கும் தெரியும். ஒருவர் மற்றவரிடம் சென்று பயின்றதில்லை. மூத்தவாப்பா மாரிக்கு முன்னர் ஒவ்வொரு காலையும் தட்டி, ஓசையைக் கேட்டே கறையான் ஏறியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார்.

அந்தப் பட்டறையை யாரும் எரிக்கவில்லை, கடல் கொண்டுபோகவுமில்லை. நாங்களே பிரித்தோம். 1980களில் வீட்டைப் பெருப்பித்தபோது, அதன் முதிரை மரம் கதவுநிலைகளாயிற்று. பிரிக்கும்போது கூலியாள் ஒருவர், "இந்தப் பொருத்தைக் கழற்றவே மனம் வரவில்லை" என்றார். எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நான், ஒரு படம் எடுத்து வைக்கவும் நினைக்கவில்லை. இந்தப் பத்தியை எழுதத் தூண்டியது அந்தக் குற்றவுணர்வே.

இழந்தது கட்டடம் மட்டுமன்று. இன்று நம் வயல்களில் 'சுனாமி மெசின்' என்று மக்கள் அழைக்கும் அறுவடை இயந்திரம் ஒரே நாளில் வேலையை முடித்துவிடுகிறது. நெல் ஈரம் காயுமுன்னரே வயற்கரையில் விலைப்படுகிறது. எல்லோரும் ஒரே வாரத்தில் விற்றால் விலை விழத்தானே செய்யும்? வைத்திருக்க இடமுள்ளவன் காத்திருப்பான். இடமில்லாதவன் கேட்ட விலைக்குக் கொடுப்பான். பட்டறை உழவனின் பேரம் பேசும் வலிமையாகவும் இருந்தது என்பதை, அது போன பின்னரே உணர்ந்தோம்.

இந்நாடு மரவேலையை மதிக்காத நாடன்று. கம்பளைக் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில் தோன்றிய எம்பெக்கே தேவாலயத்தில் செதுக்கிய மரத்தூண்களைக் காண உலகமே வருகிறது. அங்கே கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்களை ஒற்றை மரமுளை பிணைத்து நிற்கும் விந்தையைக் கண்டு நானும் வியந்திருக்கிறேன். அதே வளாகத்தில் பழைய நெற்களஞ்சியம் ஒன்றும் உண்டு. அதன்முன் நின்று பார்ப்பவர்கள் மிகச் சிலரே. தெய்வத்துக்கும் மன்னனுக்கும் உரியவற்றைக் காக்கிறோம். உழவனுக்கு உரியதை விறகாக்குகிறோம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றையே தொன்மைச் சின்னங்களாக வரையறுக்கிறது. அதற்குப் பிந்திய ஒன்றைக் காக்க வேண்டுமாயின் அரசிதழில் தனியாக அறிவிக்க வேண்டும். ஒரு பட்டறைக்காக அத்தகைய அறிவித்தலை யார் கேட்கப் போகிறார்கள்?

எங்கள் கரையில் 'தொல்லியல்' என்ற சொல்லே அச்சம் தருவதை நான் அறியாதவனல்லன். கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென 2020 ஜூனில் ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. எல்லைக்கல் நட வருகிறார்கள் என்று மக்கள் அஞ்சியதில் நியாயமுண்டு. ஆனால் அந்த அச்சத்தினாலேயே நம் பழைமையை நாமே கைவிடுவது எவ்வகையில் விவேகம்? நம்முடையதை நாம் எழுதி வைக்காவிட்டால், நம்மிடம் எதுவும் இருந்ததில்லை என்று பிறர் எழுதுவார்கள்.

பெருந்திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. அக்கரைப்பற்றிலோ சம்மாந்துறையிலோ இறக்காமத்திலோ பழைய பட்டறையின் ஒரு கால் எஞ்சியிருந்தாலும் அதை அளந்து, படமெடுத்து, மரத்தின் பெயரைக் குறித்து வையுங்கள். மூத்த ஓடாவிமார் இருக்கும்போதே பொருத்துகளின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். பழுதுபார்ப்பதாயின் முதலில் கூரையின் ஒழுக்கை அடையுங்கள். பின்னர் உளுத்த துண்டை மட்டும் அகற்றி, அதே இன மரத்தை ஒட்டுங்கள். பொருத்துகளால் ஆன கட்டடத்தை அவ்வாறு தலைமுறை தலைமுறையாக வாழவைக்கலாம். ஒரு விவசாய அமைப்போ பாடசாலையோ ஒரேயொரு பட்டறையை மீள நிறுத்தி, அதில் மெய்யாகவே நெல்லைச் சேமித்தால் அதைவிடச் சிறந்த அருங்காட்சியகம் வேறில்லை.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களே, ஊரில் மாடிவீடு எழுப்பப் பணம் அனுப்புமுன், பழைய வளவில் என்ன நிற்கிறது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். என்னைப்போல் கதவுநிலையைத் தடவிப் பார்த்து வருந்தும் நிலை உங்களுக்கு வரவேண்டாம்.