கால் எட்டாத மின் வாகனங்கள்

கடந்த 2025 செப்டம்பர் 22 முதல், 350 சிசி வரையிலான பெட்ரோல் இருசக்கர வாகனங்களுக்கான சரக்கு - சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மின்சார வாகனங்களுக்கு முன்பிருந்த 5 சதவீதமே நீடிக்கிறது. மத்திய அரசின் மானியமோ தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. 2021 ஜூனில் ஒரு கிலோவாட் மணி பேட்டரிக்கு ரூ.15,000 என்றிருந்தது, 2023 ஜூனில் ரூ.10,000 ஆனது. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் ரூ.5,000, அடுத்த ஆண்டே அதிலும் பாதி. விலை வித்தியாசம் சுருங்கிவிட்ட நிலையில், இனி வண்டியின் தகுதியைப் பார்த்துத்தான் வாங்கியாக வேண்டும்.

ஆனால், அந்தத் தகுதியை அளக்கும் அளவுகோலாக விளம்பரங்கள் நமக்குத் தருபவை இரண்டே எண்கள்: ஒரு முறை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர், உச்ச வேகம் எவ்வளவு. அலுவலகம் சென்று திரும்புவோருக்கு இவை இரண்டும் பெரும்பாலும் தேவையற்ற கவலைகள். நகரச் சாலையில் ஒரு மின்சார ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 30 வாட் மணி மின்சாரம் எடுக்கும். 3 கிலோவாட் மணி பேட்டரி நூறு கிலோமீட்டர் தரும். தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போய் வருபவருக்கு இது இரண்டு நாளைக்குத் தாராளம். அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு கிலோவாட் மணியும் கூடுதல் விலை, கூடுதல் எடை.

கவனிக்க வேண்டியது மோட்டார் எங்கே இருக்கிறது என்பதை. டிவிஎஸ் ஐகியூப் போன்ற வண்டிகளில் அது பின்சக்கரத்தின் நடுவிலேயே இருக்கிறது. பெல்ட் இல்லை, சங்கிலி இல்லை; தேய்வதற்கும் அறுவதற்கும் ஒன்றுமில்லை. சமதளத்தில் நிதானமாக ஓட்டுவோருக்கு இது போதும். குறையும் உண்டு. மோட்டாரின் எடை முழுவதும் சக்கரத்திலேயே தொங்குவதால், பள்ளத்தில் இறங்கும் அதிர்ச்சி ஓட்டுபவரின் முதுகுக்கு அதிகம் வரும். பின்சக்கரத்தைக் கழற்ற நேர்ந்தால் தெருமுனை மெக்கானிக் தயங்குவார். ஏதர் 450 வரிசையில் மோட்டார் வண்டியின் நடுப்பகுதியில் இருந்து பெல்ட் மூலம் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மோட்டார் பலமுறை சுழலச் சக்கரம் ஒருமுறை சுழல்வதால் இழுவிசை பெருகும்; மேம்பாலத்திலும் மலைப்பாதையிலும் வித்தியாசம் தெரியும். பெல்ட்டை மட்டும் ஒருநாள் மாற்ற வேண்டியிருக்கும். கோவையில் இருப்பவர் வாரம் ஒருமுறை குன்னூர் ஏறுவாரானால் இரண்டாவது வகையையே சொல்வேன். தஞ்சாவூரில் இருப்பவருக்கு முதல் வகை.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. விளம்பரத்தில் வரும் கிலோவாட், சில விநாடிகள் மட்டுமே கிடைக்கும் உச்சத்திறன். பின்னால் ஒருவரை அமர்த்திக்கொண்டு நீண்ட ஏற்றத்தில் செல்லும்போது உதவுவது தொடர்திறன். பதிவும் ஓட்டுநர் உரிமமும் வேண்டாத சிறு மின் வாகனங்களுக்கு 250 வாட், 25 கி.மீ. வேகம் என எல்லை வகுத்த மோட்டார் வாகன விதிகள்கூட, மோட்டாரின் 30 நிமிடத் திறனைத்தான் கணக்கில் கொள்கின்றன. அண்மையில் மூன்று விற்பனையகங்களில் இந்தத் தொடர்திறன் எவ்வளவு என்று கேட்டேன். மூன்றிலும் உச்ச வேகத்தையே பதிலாகச் சொன்னார்கள்!

எனக்கு இதைவிடப் பெரிய மனக்குறை வேறொன்று. சட்டை வாங்கினால் அளவு கேட்கிறார்கள். ஐரோப்பாவில் மிதிவண்டியோடு மோட்டார் சேர்ந்த வண்டிகளைச் சிறியது, நடுத்தரம், பெரியது எனச் சட்ட அளவு பார்த்து விற்கிறார்கள். நம் ஸ்கூட்டர்களுக்கு ஒரே அளவுதான். ஐகியூப்பின் இருக்கை உயரம் 770 மி.மீ., ஏதர் 450எக்ஸின் உயரம் 780 மி.மீ. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ.; அவர்களுடைய காலின் உள்ளளவு 70 செ.மீ. அளவில்தான் இருக்கும். இருக்கையின் அகலம் காலை மேலும் விரிக்கச் செய்வதால், சிக்னலில் நிற்கும்போது தரையைத் தொடுவது கால்விரல் நுனி மட்டுமே. வண்டியின் எடையோ நூறு கிலோவைத் தாண்டுகிறது. சாலையோர மணலில் அந்த விரல் நுனி சறுக்கினால் வண்டியைத் தாங்கிப் பிடிக்க முடியாது.

எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்ததும் மின்சார ஸ்கூட்டர் வாங்க விரும்பினாள். பேட்டரி, செயலி, திரையின் நிறம் எல்லாம் ஒப்பிட்டு ஒரு பட்டியலே தயாரித்திருந்தாள். அதில் இருக்கை உயரம் என்ற வரிசையே இல்லை. கடைசியில் அவள் வாங்கியது பட்டியலில் நான்காவதாக இருந்த வண்டி. அதில்தான் அவளுடைய இரு பாதங்களும் தரையில் பட்டன.

2018-இல் பணிபுரியும் மகளிருக்கு ஸ்கூட்டர் வாங்க ரூ.25,000 வரை மானியம் தந்த மாநிலம் இது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், இணையம் சார்ந்த சேவைப் பணியாளர்கள் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலா ரூ.20,000 அறிவிக்கப்பட்டது. நாட்டில் விற்கும் மின்சார ஸ்கூட்டர்களில் கணிசமானவை ஒசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும்தான் தயாராகின்றன. அரசுப் பணம் செல்லும் வண்டிக்கு, தாழ்வான இருக்கை உள்ள ஒரு வகையாவது இருக்க வேண்டும், தொடர்திறனை விலைப்பட்டியலில் அச்சிட வேண்டும் என்று கேட்கத் தமிழக அரசுக்கு உரிமையும் இருக்கிறது, வலிமையும் இருக்கிறது. 2021 முதல் மத்திய மானியம் முக்கியமாகப் பேட்டரியின் கொள்ளளவையே அளந்தது. நிறுவனங்களும் பெரிய பேட்டரிகளைக் கொண்டுவந்து நிறுத்தின. எதை அளந்து பணம் தருகிறோமோ, அதுதான் சந்தைக்கு வரும்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த மின்சார வாகனம் தீப்பற்றியதில், புகை சூழ்ந்து தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டில் நேர்ந்த தீ விபத்துகளுக்குப் பிறகே பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 தரவிதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தன. ஆகவே, பழைய வண்டியை மலிவாக வாங்க எண்ணுவோர் அது தயாரான மாதத்தைப் பார்ப்பது நல்லது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்போர், வாகன நிறுத்துமிடத்தில் தனி மின் இணைப்புக்குச் சங்கத்தின் ஒப்புதலைப் பெற்றுவிட்டு முன்பணம் கட்டட்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, மூன்றாவது மாடியிலிருந்து வயரைத் தொங்கவிடுகிறார்கள்.

பழுதுநீக்கும் வசதி அடுத்த கேள்வி. 2024 அக்டோபரில், ஒரு முன்னணி நிறுவனம் குறித்துத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்ததை அடுத்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் சேவை மையம் இருக்கிறதா, அதன் வாசலில் எத்தனை வண்டிகள் காத்துக் கிடக்கின்றன என்பதை ஒரு சனிக்கிழமை காலையில் நேரில் போய்ப் பார்த்துவிடலாம்.

ஓட்டிப் பார்க்கச் சொல்லும்போது விற்பனையாளர் காலியான நேர்ச்சாலையைத்தான் காட்டுவார். தினமும் உடன் வருபவரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு அருகிலுள்ள மேம்பாலத்தில் ஏறி, பாதி ஏற்றத்தில் நிறுத்தி, மீண்டும் கிளப்பிப் பாருங்கள். திரும்பி வந்ததும், யாருடைய உதவியும் இல்லாமல் வண்டியை நடுத்தாங்கியில் ஏற்றிப் பாருங்கள்.