டை என்னும் ஒற்றைச் சொல்

ஸ்கேன் எடுத்துத் திரும்புவோரிடம் கேட்டால், ‘டை போட்டு எடுத்தார்கள்’ என்பார்கள். என்ன டை என்று கேட்டால் விடை இராது. தமிழ் படித்தவன் ஆதலால் எனக்கு முதலில் உறுத்துவது இந்தச் சொல்தான். அது சாயமே அன்று. உடலுக்குள் எதற்கும் அது நிறமேற்றுவதில்லை. சி.டி. ஸ்கேனுக்கு நரம்பில் ஏற்றுவது எக்ஸ் கதிரைத் தடுக்கும் அயோடின் சேர்மம். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றுவது கடோலினியம் என்னும் உலோகம் அடங்கிய சேர்மம். பொருள்கள் வேறு, அவற்றால் வரக்கூடிய தீங்குகளும் வேறு.

இவ்வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அயோடின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற அச்சத்தால், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதைத் தவிர்த்து, தீங்கற்றதென்று நம்பப்பட்ட கடோலினியத்தைக் கொடுத்துவந்தனர். ரத்தக்குழாய்ப் படங்களுக்குச் சிலவேளை மிகுந்த அளவிலும் கொடுத்தனர். 1997இல் அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்குத் தோல் தடித்துக் கட்டைபோல் இறுகத் தொடங்கியது. மூட்டுகள் மடங்கியபடியே நின்றன. 2000இல் ‘லான்செட்’ இதழ் இந்நோயைப் பதிவு செய்தபோதும் காரணம் விளங்கவில்லை. 2006இல்தான் ஆஸ்திரிய மருத்துவர் ஒருவரும் டென்மார்க் மருத்துவர்களும் அந்த ‘தீங்கற்ற’ ஊசியைச் சுட்டிக்காட்டினர்.

கடோலினியம் தனித்து நின்றால் நஞ்சு. ஆகவே அதை வேறொரு மூலக்கூறால் கட்டியே ஏற்றுகிறார்கள். சில வகைகளில் அக்கட்டு திறந்த சங்கிலி. சிலவற்றில் மூடிய கூண்டு. நலமான சிறுநீரகம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதியை வெளியேற்றிவிடும். மிகவும் பழுதான சிறுநீரகத்துக்கு அதற்கே ஒரு நாளைக்கு மேல் ஆகலாம். அதற்குள் சங்கிலி அவிழ்ந்துவிடுகிறது. 2007இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கட்டமிட்ட எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. அதன்பின் புதிய நோயாளிகள் அரிதாயினர். 2014இல் ஜப்பானியர் ஆய்வொன்று, பலமுறை ஊசி பெற்றவர்களின் மூளையில் அதன் சுவடு தென்படுவதைக் காட்டியது. அதனால் தீங்கு விளைந்ததாக நிறுவப்படவில்லை. ஆயினும் 2017இல் ஐரோப்பிய மருந்து முகமை சங்கிலி வகைகளுள் பலவற்றை நிறுத்திவைத்தது.

பெரிய முரண் இனிமேல்தான். எந்த அயோடினுக்கு அஞ்சி இவர்களைக் கடோலினியத்திடம் அனுப்பினார்களோ, அதன் சிறுநீரகத் தீங்கு மிகைப்படுத்தப்பட்டது என்று 2020இல் அமெரிக்கக் கதிரியலாளர் கல்லூரியும் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் கூட்டாக அறிவித்தன. சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குன்றியவர்களுக்கு எச்சரிக்கை இன்றும் உண்டு. மற்றவர்களுக்கு அவ்வளவு அச்சம் வேண்டியதில்லை.

இவற்றை எழுதுவது ஊசியை மறுக்கச் சொல்வதற்காக அன்று. புற்றுக்கட்டியைக் காட்டித்தரும் பொருளை வேண்டாமென்பது மடமை. அயோடின் ஊசியின் கடும் ஒவ்வாமையும் பழைய வகைகளில் பத்தாயிரத்தில் 22 பேருக்கு நேர்ந்தது, புதிய வகைகளில் 4 ஆகக் குறைந்ததென 1990இல் வெளியான ஜப்பானியக் கணக்கு ஒன்று சொல்கிறது. எந்த வகை என்பதைப் பொறுத்தே எல்லாம் மாறுகிறது. நான் கேட்பதும் அந்த வகையின் பெயரைத்தான்.

நம் ஊரில் நடப்பது என்ன? படுக்கையில் கிடத்தியபின் ஆங்கிலத் தாளொன்றை நீட்டிக் கையொப்பம் வாங்குவதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அதை ஒப்புதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விளக்கிச் சொன்னால் நோயாளி மிரண்டுவிடுவார் என்பார்கள். அவர் ஏற்கெனவே மிரண்டுதான் இருக்கிறார், அதுவும் தவறானதற்கு! இறால் ஒவ்வாதவருக்கு அயோடின் ஊசியும் ஆகாது என்ற நம்பிக்கையைப் பாருங்கள். இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதன் புரதம், அயோடின் அன்று. மறுபுறம், சிறுநீரக நோயுள்ளவர் கேட்டே ஆகவேண்டிய ‘சங்கிலியா, கூண்டா’ என்ற கேள்வி அவருக்குத் தெரிவதே இல்லை.

காய்ச்சல் மாத்திரைக்குக்கூடச் சீட்டில் பெயரும் அளவும் எழுதித் தருகிறார்கள். நரம்பில் ஏற்றிய மருந்தின் பெயரையும் அளவையும் ஸ்கேன் அறிக்கையில், நோயாளி எடுத்துச் செல்லும் தாளிலேயே, தமிழில் ஒரு வரி எழுதித் தருவதற்கு என்ன தடை?