கூட்டம் சுவைக்குச் சாட்சியா?



வாசலில் நிற்கும் கூட்டத்தைக் கொண்டே ஓர் உணவகத்தின் தரத்தை மதிப்பிடுவது பெருநகரங்களில் வழக்கமாகிவிட்டது. அந்த இடம் பலருக்குப் பிரியமானது என்பதற்குக் கூட்டம் சாட்சிதான். அங்கே சமைக்கப்படும் உணவு உண்மையானது என்பதற்கு அது சாட்சியாகாது.

அண்மையில் மும்பையில் சகோதரர் ஒருவர், தம் மகளுக்கு வேலை கிடைத்த மகிழ்ச்சியில், பெயர்பெற்ற தாய்லாந்து உணவகம் ஒன்றிற்கு எங்களை அழைத்துச் சென்றார். முக்கால் மணி நேரம் காத்திருந்த பின்னரே இடம் கிடைத்தது. முதலில் வந்த டாம் யம் சூப்பில் புளிப்பைக் காணோம். தக்காளி சாஸின் இனிப்பே மேலோங்கி நின்றது. அடுத்து வந்த பச்சைக் கறியோ பாயசத்தோடு போட்டியிட்டது. அந்தப் பிள்ளை இரண்டு வாய் உண்டு தட்டை நகர்த்திவிட்டாள். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் விருந்தளித்த தகப்பனின் முகம் வாடிற்று. பரிமாறிய தம்பியிடம் விசாரித்தபோது, “இங்கே வருகிறவர்கள் இப்படித்தான் விரும்புகிறார்கள், ஐயா” என்றார்.

குறை எங்கிருந்து வந்தது என்பதை அந்த ஒரே விடை காட்டிவிடுகிறது. உறைப்பு, புளிப்பு, உவர்ப்பு, இனிப்பு ஆகிய நான்கும் ஒன்றையொன்று அடக்கி நிற்பதே தாய்லாந்துச் சமையலின் உயிர். டாம் யம் சூப்புக்கு எலுமிச்சைப்புல்லும் அரத்தையும் மணமூட்டுகின்றன. எலுமிச்சைச் சாறு புளிப்பையும், நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பிட்டுப் பல மாதங்கள் நொதிக்கவைத்து வடித்த சாறு உவர்ப்பையும் தருகின்றன. இறால் சேர்த்துச் செய்யும் இந்த சூப்பை 2024-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பச்சைக் கறியின் தாய்லாந்துப் பெயரில் ‘இனிப்பு’ என்னும் பொருளுடைய சொல் உண்டு; ஆனால் அது பச்சை மிளகாயினால் உண்டாகும் இளம்பச்சை நிறத்தின் மென்மையையே குறிக்கிறது, சர்க்கரையை அல்ல. அந்நாட்டு நூடுல்ஸ் கடைகளில் மிளகாய்த்தூள், சர்க்கரை, மிளகாய் ஊறிய காடி, மீன் சாறு ஆகியவற்றை மேசையிலேயே வைத்திருப்பார்கள். கூட்டுவதும் குறைப்பதும் உண்பவர் பொறுப்பு. அந்த உரிமையை எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் பிடிக்கும் என்று எண்ணிச் சமையலறையிலேயே சர்க்கரையை அள்ளிப்போட்டால், பெயர் மாத்திரம் மிஞ்சும்.

வட இந்திய நகரங்களில் இனிக்கும் சாம்பாரை உண்டு முகம் சுளித்த நமக்கு இது விளங்காத காரியமன்று.

ஆகவே, இத்தகைய இடங்களுக்குக் குடும்பமாய்ச் செல்லும்போது, எல்லாவற்றையும் ஒரே வேளையில் கேட்காமல், முதலில் ஒரு பதார்த்தத்தை மாத்திரம் வரவழைத்துச் சுவைத்துப் பாருங்கள். இனிப்பைக் குறைக்கும்படி முன்னதாகவே சொல்லுங்கள். எலுமிச்சைத் துண்டும் நறுக்கிய மிளகாயும் தனியாகத் தரும்படி கேளுங்கள். குறையிருந்தால் தட்டு காலியாகும்வரை காத்திராமல், பொறுப்பாளரிடம் தாழ்ந்த குரலில் தெரிவியுங்கள். பரிமாறுகிற பிள்ளையைக் கடிந்துகொள்ளாதிருங்கள், அவர் சமைத்தவரல்லர். எல்லாவற்றிற்கும் மேலாக, அழைத்துச் சென்றவரின் காதுபட உணவைப் பழிக்காதிருங்கள். சமையல் தவறியிருக்கலாம், அவருடைய அன்பு தவறவில்லை.