சிரிப்புக்குள் சிக்கிய சைக்கிள்

றிச்சர்ட் ஃபிளைஷர் 1973 இல் இயக்கிய 'சொய்லன்ட் கிறீன்' படத்தின் கதை 2022 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் நடக்கிறது. அந்த ஆண்டு கடந்துவிட்டதால், இன்று பார்ப்பவர்கள் சிரிப்பை அடக்கமாட்டார்கள். எதிர்கால மனிதர்கள் எழுபதுகளின் உடுப்போடுதான் திரிகிறார்கள். செல்வந்தர் வீட்டின் அதிநவீன சாதனம், இன்றைய குழந்தைகூடத் திரும்பிப் பார்க்காத ஒரு வீடியோ விளையாட்டுப் பெட்டி. உணவு கேட்டுத் திரண்ட மக்களை, மண் அள்ளுவதுபோல லொறிகள் அள்ளிக் கொட்டுகின்றன. நடுங்கவைக்க எடுத்த காட்சி அது.

இவற்றுக்குச் சிரிப்பதில் பிழையில்லை. ஆனால் படத்தின் அச்சமும் வெறும் கற்பனைதான் என்று முடிவு கட்டுவதை யாழ்ப்பாணத்தவரால் ஏற்க முடியாது. எட்வேர்ட் ஜி. றொபின்சன் தம் கடைசிப் படமான இதில், அறைக்குள் நிறுத்திய சைக்கிளை மூச்சிரைக்க மிதித்து மின்சாரம் எடுக்கிறார். பிற ஊர்க்காரருக்கு அது வேடிக்கை. 1990 இல் மின்சாரம் நின்றபின், குடாநாட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவை டயரோடு சேர்த்து, பெடலைக் கையால் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டார்கள். சுற்றுபவரின் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் அமுங்கிப்போகும். இறந்தவர் வீட்டிலிருந்து கதாநாயகன் சவர்க்காரத்தை எடுத்துப்போகும் காட்சியையும், பனங்களியால் உடுப்புத் தோய்த்தவர்கள் வேறுவிதமாகவே பார்ப்பார்கள்.

நியூயோர்க்கில் 4 கோடிப் பேர் நெருக்கியடிப்பார்கள் என்ற கணிப்பே பொய்த்துவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். அங்கு இன்றும் ஒரு கோடிப் பேர் இல்லை. பஞ்சத்துக்குப் பிறப்பு எண்ணிக்கையைக் குற்றம் சாட்டியதுதான் படத்தின் பெரிய குறை. அதன் உடுப்புகளைவிட அந்த வாதமே பழுதானது. குடாநாட்டில் மண்ணெண்ணெய் அரும்பொருளானது, இங்கே ஆட்கள் கூடியதாலா? அரசின் பொருளாதாரத் தடையால். அதே 2022 இல், அந்நியச் செலாவணி தீர்ந்துபோன இலங்கையில் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. ஜூலையில் பெற்றோலுக்குக் கியூஆர் அட்டை. காரணத்தைப் பிழையாகச் சொன்ன படம், இல்லாமையின் முகத்தைச் சரியாகவே காட்டியிருக்கிறது. மாட்டிறைச்சித் துண்டொன்றைக் கண்டு, சைக்கிள் மிதித்த அந்த முதியவர் அழுவது எந்த ஆண்டிலும் பழசாகாது.

யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழாவில் இதைத் திரையிட வேண்டும். இளையோர் தாராளமாகச் சிரிக்கட்டும். படம் முடிந்ததும், அன்று பெடல் சுற்றியவர்களை மேடைக்கு அழைத்துப் பேசவிட வேண்டும்.