பதின்மூன்றரை மணி நேரம்

சைக்கிள் குழுக்களோடு பல வருடங்களாக ஊர் சுற்றுகிறவன் நான். ஆகவே வெளியே நின்று கல்லெறிகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. நம்முடைய நெடுந்தூரக் குழுப்பயணங்களில் குழுவும் இல்லை, பயணமும் இல்லை. ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு அவரவர் தனியாக ஓட்டுகிறோம், அவ்வளவுதான்.

ப்ரெவே என்று ஒன்று உண்டு. 1904-இல் தொடங்கப்பட்ட ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற அமைப்பின் விதிகளின்படி உலகெங்கும் நடப்பது. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். சாப்பாடு, பஞ்சர், ஓய்வு எல்லாம் அதற்குள். மணிக்குச் சராசரியாக 15 கிலோமீட்டர்கூடத் தேவையில்லை. முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. 5 மணி 53 நிமிடத்துக்கு முன்பே வந்து நின்றால் அது செல்லாது. இது பந்தயம் இல்லை என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? நாம்தான் காதில் வாங்குவதில்லை.

ஒரு சித்திரை மாத ஞாயிறு. தாம்பரத்தில் காலை 6 மணிக்குக் கிளம்பினோம். செங்கல்பட்டு, பழைய சீவரம், பாலாற்றுப் பாலம், திருமுக்கூடல், உத்திரமேரூர், வந்தவாசி தாண்டித் திரும்புவது. ஏரிக்கரைப் பனைகள், அறுவடை முடிந்த வயல்கள். சாலையோரம் நெல் காயப்போட்டிருந்தார்கள். "ரோட்டையே மறிச்சிட்டானுங்க" என்று எங்களில் ஒருவர் திட்டினார். ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு அவருக்கு வேகத்தடை. உத்திரமேரூரில், குடவோலைத் தேர்தலைப் பற்றிய பராந்தக சோழனின் கல்வெட்டு இருக்கும் ஊரில், எட்டு நிமிடம் நின்றோம். தண்ணீர் பிடிக்க.

திரும்பும்போது திருமுக்கூடலில் நண்பனுக்கு இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டது. வாந்தி வேறு. "நீங்க போங்கடா, நான் மெதுவா வந்துடறேன்" என்றான்.

போய்விட்டோம். நானும்தான். பத்து மணி இருபது நிமிடத்தில் முடித்தேன். அந்த நேரத்தை ஸ்ட்ராவாவில் ஏற்றிவிட்டு இரண்டு பரோட்டா சாப்பிட்டேன்.

அவன் பதின்மூன்று மணி ஐந்து நிமிடத்தில் வந்தான். இருவருக்கும் ஒரே பதக்கம்.

"என்னடா ஆச்சு?" என்றேன்.

"டீக்கடை அக்கா மோர்ல உப்புப் போட்டுக் குடுத்தாங்க. பெஞ்சுலயே படுத்துத் தூங்கினேன். அந்த ஊர்க் கோயில்ல ஒரு கல்வெட்டு இருக்காமே, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. பிறகு படித்தேன். வீரராஜேந்திர சோழன் காலத்து, 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. பதினைந்து கட்டில்களோடு அங்கே ஓர் ஆதுலர் சாலை இருந்ததைச் சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், மருந்துகளின் பட்டியல் எல்லாம் உண்டு. நோயாளிக்குக் கட்டில் போட்டுக் காத்திருந்த ஊரை, நோயாளியை விட்டுவிட்டு நான் கடந்திருக்கிறேன். அன்று அந்தப் பாலத்தை இரண்டு முறை தாண்டினேன். அந்த ஊரைப் பார்த்தவன் கால் பிடித்து விழுந்தவன்தான்.

"யார் துணையும் இல்லாமல் ஓட்டுவதுதான் ப்ரெவே" என்பார்கள். அரைகுறை வாதம். பின்னால் கார் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது விதி. கூட வருகிறவனுக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று எங்கும் சொல்லவில்லை. பிரான்ஸில் இன்னொரு மரபே உண்டு. சாலைத் தலைவர் ஒருவர் முன்னால் போக, மணிக்கு 22.5 கிலோமீட்டர் வேகத்தில் எல்லோரும் சேர்ந்தே ஓட்டிச் சேர்ந்தே வந்து சேர்வார்கள். குழுப்பயணம் என்றால் அதுதான்.

எனக்கு மூன்று மணி பத்து நிமிடம் மிச்சமிருந்தது. அதில் ஒரு மணி நேரத்தை அந்த பெஞ்சில் உட்கார்ந்து செலவழித்திருந்தால் என் பதக்கம் துளிகூட இளைத்திருக்காது. மிச்சம் பிடித்து என்ன செய்தேன்? பரோட்டா தின்றேன்.

வேகமாக ஓட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குக் குழு என்று பேர் வைக்காதீர்கள். குழு என்றால், கடைசியில் வருகிறவன் வந்து சேரும்வரை யாரும் வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

அவன் இப்போதும் ஓட்டுகிறான். எங்களோடு இல்லை.