பெரியபட்டினத்தில் ஒரு பகல்

உரோமைத் திருப்பயணம் முடித்துத் திரும்பிய நம் பங்குக் குடும்பம் ஒன்று, அண்மையில் நம்மை வீட்டிற்கு அழைத்துப் புகைப்படங்களைக் காட்டியது. புனித பேதுரு பேராலயத்தைப் படத்தில் பலமுறை பார்த்திருக்கிறோம். நம் கண் நிலைகுத்தி நின்றது வேறொரு படத்தில். செங்குத்தான பாறைக்குன்றின் உச்சியில் ஓர்வியேத்தோ என்னும் பழைய ஊர். கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவைத் திருச்சபை முழுமைக்கும் உரியதாக்கி, திருத்தந்தை நான்காம் உர்பான் 1264-ஆம் ஆண்டில் விடுத்த ஆணை அவ்வூரிலிருந்தே வெளிவந்தது. அக்குன்றைக் குடைந்து நிலவறைகள் அமைத்து, அவற்றின் குளிர்ச்சியில் வெண்ணிறத் திராட்சை இரசத்தைப் பக்குவப்படுத்துவது அவ்வூராரின் பழைய வழக்கம். பயணிகள் பேராலயத்தைத் தரிசிக்கின்றனர், இரசத்தையும் சுவைக்கின்றனர்.

அதன் அருகிலேயே சீவித்தா என்னும் சிற்றூர். புனித பொனவெந்தூர் பிறந்த இடம். சுற்றிலும் மண் சரிந்து சரிந்து, இன்று ஊருக்குள் நுழைய ஒரு நடைபாலம் மட்டுமே வழி. நிலையாகக் குடியிருப்போர் ஒரு கையிரண்டு கை விரல்களுக்குள் அடங்குவர். ஆயினும் 2013-ஆம் ஆண்டில் நுழைவுக் கட்டணம் விதிக்கும் அளவிற்கு அங்கே மக்கள் திரண்டனர்.

“நம் பக்கத்தில் இப்படி ஓர் ஊர் உண்டா?” என்று அவ்வீட்டு அம்மையார் வினவினார். உண்டு என்றோம். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அவர்களையும் அழைத்துக்கொண்டு பெரியபட்டினம் புறப்பட்டோம்.

இராமநாதபுரத்திற்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் கரையில் உள்ள ஊர் அது. குன்று ஏதும் இல்லை; ஏறுவதற்குப் பனைமரங்கள் உண்டு. பெரும்பாலும் இஸ்லாமியப் பெருமக்கள் வாழும் ஊர். செய்யதலி ஒலியுல்லா தர்காவின் சந்தனக்கூடு விழாவுக்குச் சுற்றூர்களிலிருந்து எல்லாச் சமயத்தாரும் வருவர். மற்றபடி, இறங்கியவுடன் “இதில் பார்க்க என்ன இருக்கிறது?” என்று பிள்ளைகள் கேட்குமளவிற்குச் சாதாரணமான ஊரே.

மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா 1344-ஆம் ஆண்டளவில் இக்கரைக்கு வந்து, “பத்தன்” என்னும் அழகிய பெருநகரத்தைக் கண்டதாக எழுதி வைத்தார். கடலுக்குள் பருத்த மரத்தூண்களை நட்டு, அவற்றின்மீது மேடை எழுப்பியிருந்தார்களாம். அதற்குச் செல்லக் கூரையிட்ட மரப்பாதையாம். பகைவர் வந்தால் கப்பல்களை அம்மேடையுடன் பிணைத்துவிட்டு வீரர்கள் மேலேறிக் காப்பார்களாம். கல்லால் கட்டிய பள்ளிவாசல் ஒன்றில், பழக்கிய சிங்கத்தோடு வாழ்ந்த ஒரு பெரியவரை அவர் சந்தித்தார். அச்சிங்கத்தின் அருகிலேயே ஒரு மானும் தீங்கின்றி வாழ்ந்ததாம். எசாயா இறைவாக்கினரை நினைத்துக்கொண்டோம். பிள்ளைகளோ சிங்கத்தைப் பற்றியே மேலும் மேலும் கேட்டனர்.

அவர் கண்ட பத்தன் வேறு ஊர் என்பாரும் உளர். ஆயினும் ஜப்பானியப் பேரறிஞர் நொபுரு கராஷிமாவும் அவருடன் உழைத்த தமிழக அறிஞர்களும் அது பெரியபட்டினமே எனக் கருதினர். சீன நூல் ஒன்று குறிப்பிடும் “தா-பா-தான்” துறையும் இதுவே என்பது கராஷிமாவின் துணிபு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987-இல் இங்கே அகழ்ந்தபோது, 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. எபிரேய எழுத்துப் பொறித்த கல்லறைக்கல் ஒன்றும் இவ்வூரிற் கண்டறியப்பட்டுள்ளது. அரபியரும் சீனரும் யூதரும் தமிழரும் ஒரே கரையில் வாழ்ந்து, வணிகம் செய்து, அடக்கமும் ஆகியிருக்கின்றனர்.

இனி, நாம் சொல்லக் காத்திருந்த செய்தி. இபின் பதூதா பத்தனைப் பற்றிய குறிப்பில் திராட்சையையும் மாதுளையையும் வியந்து எழுதியிருக்கிறார். இவ்வுவர் மணலில் திராட்சை! இன்று நாம் உண்ணும் பன்னீர்த் திராட்சை கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. அதைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர், ஆண்டு 1832 என்பர். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இத்தாலியின் திராட்சை இரசம் இம்மாவட்டக் கரைக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வந்துவிட்டது. வைகை கடலிற் கலக்கும் அழகன்குளத்தில், மது அடைத்துவந்த உரோமச் சாடிகளின் உடைந்த ஓடுகளைத் தொல்லியல் துறையினர் எடுத்துள்ளனர்.

வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக் கரைக்கு வந்தபோது, மது அருந்துபவனை இந்நாட்டார் பிணையாக ஏற்பதில்லை என்று குறித்துக்கொண்டார். கடலோடியையும் அவ்வாறே ஏற்பதில்லையாம். கடலாலேயே வாழ்ந்த துறைமுகங்களைப் பற்றி இப்படி எழுதியிருப்பது நமக்குச் சிரிப்பை வரவழைத்தது.

இத்தாலியர் வேறொருவரும் இக்கரையோடு கலந்துவிட்டார். பார்மாவுக்கு அருகிலுள்ள சிஸ்ஸா என்ற ஊரினரான இயேசு சபைக் குரு அந்தோனியோ கிரிமினாலி, பெரியபட்டினத்திற்குக் கிழக்கே வேதாளையில் 1549-இல் கொல்லப்பட்டார். அச்சபையின் முதல் மறைச்சாட்சி அவரே. நம் மக்களுள் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

ஊருக்கு வெளியே ஒரு கொல்லையில் மரத்திலிருந்து இறங்கிய பனையேறி ஒருவர், பட்டை மடித்துப் பதநீர் ஊற்றிக் கொடுத்தார். கலயத்தினுள் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். கள் இறக்குவது 1987 முதல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்டுள்ளது. சீன ஓடுகள் மண்ணிலிருந்து வெளிவந்த அதே ஆண்டில் கள்ளுக் கலயம் மரத்திலிருந்து இறங்கியது. அத்தடை சரியா தவறா என்ற வழக்கில் நாம் இறங்கவில்லை. குடியால் சீரழிந்த குடும்பங்களை நம் பங்குகளில் கண்டிருக்கிறோம்.

“தினமும் ரெண்டு வேளை ஏறணும் ஐயா. பாளையைச் சீவாம ஒரு நாள் விட்டாலும் மரம் மறந்துபோகும்” என்றார் அவர். மகன் என்ன செய்கிறார் என்று கேட்டோம். “துபாயில இருக்கான். மரத்துல ஏறுறவனுக்குப் பொண்ணு கொடுக்க மாட்டேங்குறாங்களே!” விடிலியில் அவர் மனைவி பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். அவ்விருவருக்கும் பின் அக்கொல்லையில் ஏற ஆளில்லை.

ஓர்வியேத்தோ மக்கள் தங்கள் நிலவறைகளைக் காப்பது பழமைமீது கொண்ட பக்தியால் மட்டுமன்று. குன்றின் அடிவாரத்துக் கொடி அவர்களுக்குச் சோறு போடுகிறது. சோறு போடும் தொழிலோடு பிணைந்த பழமையை எவரும் எளிதில் இடிப்பதில்லை. சீவித்தாவில் பார்ப்போர் உண்டு, வாழ்வோர் இல்லை. பெரியபட்டினத்தில் வாழ்வோர் உண்டு, பார்ப்போர் இல்லை. பனையேறியின் பதநீருக்கும் கருப்பட்டிக்கும் வருவோர் இருந்தால், புதைந்த நகரத்தையும் அவர்கள் பார்ப்பார்கள் என்பது நம் எண்ணம். நிழற்கூடமோ அறிவிப்புப் பலகையோ இன்றி அவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்ற கேள்வியும் உடன் எழத்தான் செய்கிறது.

திரும்பும் வழியில் ஒரு சிறுவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். பச்சை மெருகு மாறாத பீங்கான் ஓடு ஒன்று, நம் கட்டைவிரல் அகலம். பத்து ரூபாய் கேட்டான். நம்முடன் வந்த பெரிய பையன் பையில் கைவிட்டான்; நாம் தடுத்தோம். இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருப்பதைச் சொல்லி, ஓட்டைத் தன் பள்ளி ஆசிரியரிடம் கொடுக்கும்படி அவனிடம் கூறினோம். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. ஓட்டைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “நாளைக்கு வந்தா பெருசு காட்டுறேன்” என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான்.